எண்பத்தேழில் ஒரு பங்கு மயிலாத்தாள்

தம்பி, சித்தே அக்கட்டால நகுந்து உக்காருங்க. ஆங், போதுமுங்க. நீங்க எங்க எறங்கறீங்க? குண்டடமுங்களா? அட! எங்கூட்டு அம்மிணிக்குப் பொறந்த ஊரு அதுதானுங்க. இப்ப அங்கதான் இருக்கறா. தையில போனவ, இன்னும் வர்ல. பண்டிகை நோம்பிக்குப் போகலீங்க, ஒறம்பரையா விருந்தாடவும் போகல. கோவிச்சுட்டுப் போயிட்டா. எதுக்குன்னு கேளுங்களேன். ஆறு மில்லிமீட்டருக்கு. அறுவத்திநாலு வயசுல ஒருத்தன் சம்சாரம் ஆறு மில்லிமீட்டருக்காகக் கோவிச்சுட்டுப் போனான்னா யாராச்சும் நம்புவாங்களா? நீங்களே சொல்லுங்க.

எம்பேரு குழந்தைவேலுங்க. போத்தனூரு. பம்புசெட்டு கம்பெனில இன்ஸ்பெக்சன்ல இருந்து ரிட்டையரு ஆனவன். ஷாப்ட்டு, இம்பெல்லரு, எது வந்தாலும் வெர்னியர வெச்சு அளப்பேன். அளவு தப்பியிருந்தா ஒரு செவப்புப் பெயிண்டுப் புள்ளி. அவ்வளவுதான். புள்ளி வெச்ச பீஸு திரும்பி வராது. மொதலாளி மச்சானே வந்து கெஞ்சுனாலும் வராது. முதுகுக்குப் பின்னால என்னைய 'ரிஜெக்ட்டு குழந்தை'ம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும். நான் விட்ட பம்பு ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சுங்களா?

ரிட்டையரு ஆனதுக்கப்பறம் மாடி ரூமுல ஒரு லேயவுட்டு போட்டனுங்க. சைட்டு பிரிச்சு விக்கற லேயவுட்டு இல்லீங்க, ரயிலு லேயவுட்டு. பொம்ம ரயிலுன்னு சொல்லாதீங்க, எனக்குப் புடிக்காது. எண்பத்தேழுல ஒரு பங்கு. நெசத்துல எண்பத்தேழு அடின்னா என் டேபிள்ள ஒரு அடி. ஒலகம் பூரா இதுதான் கணக்கு. எஞ்சினு, பொட்டி, தண்டவாளம் எல்லாம் அந்த அளவுல ரெடியாவே கெடைக்கும். அதுல ஒண்ணும் பெரிய வேலையில்ல. சுத்தி இருக்கறதுதான் வேலை. மரம், செடி, கல்லு, பெஞ்சு, வேலி. அங்கதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. அறுவதடி தென்னமரம் என் டேபிள்ள ஒரு ஜாண் ஒசரம் நிக்கோணும். கடையில விக்கறது வெரல் நீளந்தான் இருக்கும். அத நட்டா அது தென்னங்கன்னு. கன்னுல குலை தள்ளியிருந்தா நல்லாவா இருக்கும்? தண்டவாளத்துக்கு அடியில கெடக்கற ஜல்லி ரெண்டங்குலம். எண்பத்தேழால வகுத்தா அரை மில்லிமீட்டருக்குச் சித்தே மேல. மணல மூணு சல்லடைல சலிச்சு அந்த அளவுக்குக் கொண்டுவந்தனுங்க. சலிச்சே ஒரு மழைக்காலம் போச்சு.

கிணத்துக்கடவு ஸ்டேசன அப்படியே எடுத்து வெச்சேன். டேப்பு கொண்டுபோயி பெஞ்சு, தண்ணிக் கொழாய், மணி, ஜன்னக் கம்பி எல்லாத்தையும் அளந்தனுங்க. ஒரு போலீஸ்காரரு வந்து, 'என்னங்க பெரியவரே, ஸ்டேசன வெலைக்கு வாங்கப் போறீங்களா'ன்னாரு. வெளையாட்டு இல்லீங்க இது. வந்து பாத்தீங்கன்னா ஒரு இடத்துலகூட நீங்க வெரல் வைக்க முடியாது.

ஆளு? ஆளு வெக்கலீங்க. இல்ல, எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க, நீங்களும் கேட்டுட்டீங்க. ரெடிமேடா வர்ற ஆளுங்க எல்லாம் வெள்ளக்காரங்க. கோட்டு, தொப்பி போட்டுட்டு கிணத்துக்கடவு பிளாட்பாரத்துல என்னத்துக்கு நிக்கறாங்க? கையில செய்யலாம்னா மூஞ்சி அளவுக்கு வராது. ரெண்டர மில்லிமீட்டர் மூஞ்சில கண்ணெங்க, மூக்கெங்க? தப்பாச் செய்யறதுக்குச் செய்யாம இருக்கறது மேல். அதான் என் கொள்கை.

இப்ப அந்த ஆளப் பத்திச் சொல்றேன். இருதயராஜுன்னு பேரு. அடுத்த தெரு. ரயில்ல டி.டி.ஆரா இருந்து ரிட்டையரு ஆனவரு. என் லேயவுட்டப் பாக்க வந்தாரு. பாத்துட்டு, 'அண்ணா, எனக்கும் கத்துக்குடுங்கண்ணா'ன்னாரு. கத்துக்குடுத்தேன். மொதல் தண்டவாளம் என் கையால எடுத்துக் குடுத்தேன். தண்டவாளம் பிரியற எடத்துல மொதல் பாயிண்ட்டு நான் போய்ப் பொருத்திக் குடுத்தேன். அவருக்கு வெர்னியரப் புடிக்கத் தெரியாதுங்க தம்பி. தலகீழாப் புடிப்பாரு. அவரு சம்சாரம் லூர்துமேரி நல்ல பொம்பளை, அடிக்கடி மீன் கொழம்பு குடுத்து விடும். நாங்க அதெல்லாம் சாப்பிடறதில்ல. மயிலு மட்டும் சாப்பிடுவா.

மயிலுங்கறது எங்கூட்டு அம்மிணி. மயிலாத்தாள். அவளுக்கு மொதல்ல இருந்தே என் ரூமுக்கு வந்து நிக்கற பழக்கம் உண்டு. காப்பிய வெச்சுட்டு நிப்பா. நான் வேலையா இருப்பேன், திரும்பிப் பாக்க முடியாது. கையி அசைஞ்சா பசை இழுத்துக்கும். ஒருநாளு, 'ஏனுங்க, ஸ்டேசன் மாஸ்டரு ஊட்டு வாசல்ல ஒரு கோலம் போடட்டுமா'ன்னா. சரின்னேன். போட்டா. நல்லாத்தான் போட்டா, ஊசி முனைல தொட்டுத் தொட்டு. வெர்னியர வெச்சேன். கோடு ஒரு மில்லிமீட்டர். எண்பத்தேழால பெருக்குனா மூணரை அங்குலங்க! வாசல்ல எவளாச்சும் மூணரை அங்குலத்துக்குக் கோடு இழுப்பாளா? அது கோலமில்ல, ரோட்டுல அடிக்கற கோடு. எச்சியத் தொட்டு அழிச்சுட்டேன். அவ காப்பி டம்ளர எடுத்துட்டுக் கீழ போயிட்டா.

அப்பறம் ஆளு செய்ய ஆரம்பிச்சா. பைப்பு ஒழுகுனா அடைக்கறமில்ல, அந்தப் பசையப் பெசைஞ்சு, பல்லுக்குத்தற குச்சில உருட்டி உருட்டி. பொழுதோட வேலையெல்லாம் முடிச்சுட்டு உக்காந்துக்குவா. வெத்தலை போடற ஆளு, கொழந்தைய இடுப்புல வெச்ச பொம்பளை, மூட்டை மேல தலைய சாச்சுத் தூங்கற ஆளு. கொண்டுவந்து என் முன்னால வரிசையா நிறுத்துவா. நான் அளப்பேன். இருபத்திரெண்டு மில்லிமீட்டர், இருபத்திமூணு, இருபது. ஒண்ணு ஒரு அளவுல நிக்காது. அப்ப என்ன பண்ணுனேன்னா... பழக்கதோசமுங்க தம்பி, முப்பது வருசத்துப் பழக்கம்... பக்கத்துலயே செவப்புப் பெயிண்டு இருந்துச்சு. ஒவ்வொண்ணு தலைலயும் ஒரு புள்ளி வெச்சுட்டேன்.

வேணுமின்னு பண்ணலீங்க. கையி அதுவாப் போயிருச்சு.

அவ அந்த ஆளுங்களையெல்லாம் ஒரு பெருங்காய டப்பால போட்டு எடுத்துட்டுப் போயிட்டா. அன்னைக்கிருந்து என் ரூமுக்குக் காப்பி வரும், அவ நிக்க மாட்டா. எனக்கு அது சௌகரியமாத்தான் இருந்துச்சு. வெளிச்சம் மறைக்கறதில்ல.

கொஞ்ச நாள் கழிச்சு இருதயராஜ் ஊட்டுக்குப் போறேன், ஒரு ஒயரு வாங்க. அவரு டேபிள்ள ஒரு ஸ்டேசன். ஸ்டேசனா அது? மரம் ஒரு அளவு, ஊடு ஒரு அளவு. ஜல்லிக்கு ரவையக் கொட்டியிருக்கறாரு. பழக்காரி கூடைல தக்காளிக்குக் கடுகு. கடுகு ரெண்டு மில்லிமீட்டருங்க, பெருக்கிப் பாருங்க, ஒவ்வொரு தக்காளியும் பூசணிக்கா. நான் சிரிச்சுட்டேன். அப்பத்தான் பாத்தேன், பிளாட்பாரத்துல ஆளுங்க. வெத்தலை போடறவன், கொழந்தைக்காரி, தூங்கறவன். என் ரிஜெக்ட்டு பூரா அங்க நிக்குதுங்க! செவப்புப் புள்ளி வெச்ச ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் அந்தப் புள்ளியவே தலப்பாவா இழுத்து உட்டு, போர்ட்டரா மாத்தி வெச்சிருக்கறாங்க. பொம்பளைங்களுக்கு அதுவே கொண்டைல பூவாயிருச்சு. பக்கத்துல யாரு உக்காந்து பெயிண்டு அடிக்கறா? மயிலு. லூர்துமேரி முறுக்குத் தட்ட நீட்டுது. இருதயராஜு, 'அக்கா, இந்த ஆளு நெசமாவே போத்தனூருல எங்கிட்ட டிக்கெட் இல்லாம மாட்டுனவன்க்கா, அதே முழி'ங்கறாரு. மூணு பேரும் சிரிக்கறாங்க.

பொறாமைன்னு சொல்லுவீங்க. சொல்லுங்க, நானே சொல்றேன், பொறாமைதான். ஆனா அதுல நாயம் இருக்குதில்ல? என் ஊட்டுல பெசைஞ்ச பசை. என் பெயிண்டு. என் சம்சாரம். எனக்கு முன்னால ஒருநாளாச்சும் அப்படிச் சிரிச்சிருக்கறாளா? சிரிக்கற மாதிரி நான் ஏதாச்சும் பண்ணியிருக்கேனான்னு கேக்காதீங்க, அது வேற பேச்சு.

ஒயர வாங்காமயே வந்துட்டேன்.

பொங்கல் கழிச்சு எங்க பக்கத்து ஹால்ல ரயில் பிரியருங்க எல்லாம் சேந்து ஒரு கண்காட்சி வெச்சாங்க. என் டேபிள் நடுவுல. அவரு டேபிள் ஓரத்துல, ஜன்னலுக்குக் கீழ. நல்ல இடம் எனக்குத்தான் குடுத்தாங்க, ஏன்னா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஜனம் வந்துச்சு. என் டேபிளப் பாத்தாங்க. 'ரொம்பக் கரெக்ட்டா இருக்குதுங்க'ன்னாங்க. நகுந்துட்டாங்க. ஒரு பொம்பளை நின்னு உத்துப் பாத்துச்சு. எனக்குச் சந்தோசம். ஜல்லியக் கவனிக்குதுன்னு நெனச்சேன். 'ஏனுங்க, இந்த ஊர்ல கர்ப்யூவா?'ன்னுது.

அங்க ஓரத்துல கூட்டம் அள்ளுது. ரவைக்கு எறும்பு வந்துருச்சுங்க. நான் அப்பவே சொன்னேன் வருமின்னு. மூணு மில்லிமீட்டர் எறும்பு, எண்பத்தேழால பெருக்குனா ஒரு பூனை அளவு. பிளாட்பாரத்துல பூனை அளவுக்கு எறும்பு ரவைய இழுத்துட்டுப் போகுது. வேறெவனா இருந்தாலும் வெக்கப்பட்டு மூடி வெச்சிருப்பான். ஜனம் கைதட்டுது! 'போர்ட்டருக்குப் போட்டியா வந்துருச்சு'ன்னு ஒருத்தன் கத்தறான். இருதயராஜு கையக் கட்டிட்டுப் பல்லக் காட்டிட்டு நிக்கறான். ஆமா, இனி அவன்தான். அவரு என்ன அவரு.

நானும் போயிப் பாத்தேன், கூட்டத்துக்குப் பின்னால நின்னு. ஒரு சின்னப் பொண்ணு மயிலக் கையக் காட்டுது. 'அம்மா, அந்தப் பாட்டிதான் இது'ங்குது. எதுன்னு எட்டிப் பாக்கறேன். பிளாட்பாரத்து முனைல, டேபிளுக்கு விளிம்புல, எல்லாத்துக்கும் முன்னால ஒரு பொம்பளை நிக்கறா. ஒரு கையில ஒயர்கூடை, இன்னொரு கை இடுப்புல. கழுத்த ஒரு பக்கமாச் சாச்சுட்டு ரயிலு வருதான்னு பாக்கறா. கூட்டத்துல இருந்த அத்தனை பேரும் அந்தப் பொம்மையப் பாத்து, மயிலப் பாத்து, சிரிக்கறாங்க. யாருமே சொல்லாம கண்டுபுடிக்கறாங்க. நான் கூட்டம் கலையற வரைக்கும் நின்னு வெர்னியர வெச்சேன். இருபத்திநாலு மில்லிமீட்டர்!

என் சம்சாரம் அஞ்சடி ஒரு அங்குலமுங்க. எண்பத்தேழால வகுத்தா பதினெட்டுக்குக் கொஞ்சம் கம்மி. இருபத்திநாலுன்னா ஆறடி பத்தங்குலம். அவனக் கூப்புட்டுக் கேட்டேன். 'ஏப்பா, பொட்டிக் கதவு ஆறேகாலடி. எப்படி ஏறுவா இவ? தவழ்ந்து போவாளா?'ன்னேன். அதுக்கு அவன் சொல்றான், 'அண்ணா, அக்கா முன்னால நிக்கறாங்க. கிட்ட இருக்கறவங்க பெருசாத்தானண்ணா தெரிவாங்க.'

அது எனக்குத் தெரியாதுங்களா? தூரத்துல இருக்கறதச் சின்னதா வெக்கோணும், கிட்ட இருக்கறதப் பெருசா வெக்கோணும், அப்பத்தான் ரெண்டடி டேபிள்ள ரெண்டு மைலு தெரியும். அந்த வித்தையச் சொல்லிக் குடுத்தவனே நான்தான். மலையடிவாரத்து ஊட்டச் சின்னதா வெய்யின்னு சொன்னேன். என் சம்சாரத்த முன்னால நிறுத்துன்னு சொன்னனுங்களா?

அப்பறம் கேளுங்க. அவன் டேபிள்ல, தூரத்துல தெரியற அந்த மலையடிவாரத்துல ஒரு ஆளு நிக்கறான். தனியா. குனிஞ்சு, டேப்ப வெச்சு எதையோ அளந்துட்டு நிக்கறான். 'இதாரு?'ன்னேன். அவன் கொஞ்சம் இழுத்தான். 'அக்காதாண்ணா செஞ்சாங்க, நான் வேண்டாம்னுதான் சொன்னேன்'னான். அளந்தேன். ஒம்பது மில்லிமீட்டர்! ரெண்டரையடிங்க தம்பி! நான் அஞ்சடி எட்டங்குலம். எந்தக் கணக்குல வருது இது? மூஞ்சிகூட இல்ல, இந்தப் பக்கம் முதுகக் காட்டிட்டு நிக்கறேன். முதுகு மட்டும் அச்சா இருந்துச்சு, அதச் சொல்லோணும். எடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்குமில்ல எனக்கு, அதுகூட இருந்துச்சு. அவ எங்க பாத்தாளோ.

கண்காட்சி முடிஞ்சு எல்லாரும் மூட்டை கட்டறாங்க. அவன் ஏதோ ஸ்க்ரூ டிரைவர் தேடிப் போனான். விளிம்புல நின்ன பொம்பளைய எடுத்து ஜோப்புல போட்டுட்டேன். திருட்டுங்கறீங்களா? என் சம்சாரத்த நான் எடுக்கறது திருட்டா? தாலி கட்டுனவன் நானா, அவனா?

ஊட்டுக்குக் கொண்டுவந்து வைஸுல இறுக்கி வெச்சேன். நல்ல எண்ணத்துலதானுங்க பண்ணுனேன். என் ஸ்டேசன்ல இத்தனை வருசம் ஒரு ஆளுகூட வெச்சதில்ல. கலெக்டரே வந்து கேட்டாலும் வெக்க மாட்டேன். இவளுக்கு எடம் குடுக்கலாம்னு முடிவு பண்ணுனேன். மொத ஆளு. ஒரே ஆளு. அளவு மட்டும் சரியா இருந்துட்டாப் போதும். அரத்த எடுத்து ராவுனேன். ஆறு மில்லிமீட்டர் எறக்கோணும். கால்ல இருந்து நாலு. பாதம் போச்சு, மொழங்கால் வரைக்கும் போச்சு. சேலைதானே, தெரியாது. தலைல ரெண்டு. கொண்டை போச்சு, நெத்தி கொஞ்சம் போச்சு. ஒயர்கூடை தரையத் தட்டுச்சு, அத ஒடிச்சுட்டேன். கடைசில பதினெட்டுக்கு வந்து நின்னுச்சு. பொட்டிக் கதவுக்கு நேரா வெச்சுப் பாத்தேன். அச்சா ஏறுவா. தொழில்ல இருந்தப்பகூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்ததில்லீங்க.

'மயிலு, இங்க வா'ன்னு கூப்புட்டேன். நானாக் கூப்புட்டேன் தம்பி, இத்தனை வருசத்துல மொதல் தடவையா. கையத் தொடச்சுட்டு வந்தா. 'பாரு, உனக்கு எடம் குடுத்துட்டேன்'னேன். குனிஞ்சு பாத்தா. நெம்ப நேரம் பாத்தா. 'கால் எங்கீங்க?'ன்னா. 'சேலை மறைச்சுக்கும், இப்ப அளவு கரெக்ட்டு'ன்னேன். போயி தோசை வாத்துப் போட்டா. எனக்குப் புடிச்ச மாதிரி முறுகலாத்தான் வாத்தா. அதனால கோவமில்லைன்னு நெனச்சேன். காலைல எந்திரிச்சுப் பாக்கறேன், பையோட நிக்கறா. 'அண்ணனப் பாத்துட்டு வர்றேன்'னு போனவதான்.

அடுத்த நாளு அவன் வர்றான். மயிலு லூர்துமேரிக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கறா. சண்டைக்கு வர்றான்னு நெனச்சு நானும் ரெடியாத்தான் இருந்தேன். எடுத்தது என் உரிமைன்னு சொல்ல வாயெடுத்தேன். அவன் நேரா மாடிக்கு ஏறி வந்தான். என் பிளாட்பாரத்துல நிக்கற பொம்மையப் பாத்தான். வெரல்ல எடுத்து உள்ளங்கைல வெச்சான். அழறானுங்க! அவ்வளவு பெரிய ஆளு, டி.டி.ஆரா இருந்து நூறு பேர மெரட்டுனவன், மூக்க உறிஞ்சிட்டு நிக்கறான். 'அண்ணா, அக்கா இதச் செய்யறதுக்கு எத்தனை நாளு கண்ணாடி முன்னால நின்னு பாத்தாங்க தெரியுமா'ங்கறான்.

எனக்கு எப்படி இருக்கும்? நான் அழல, அவன் அழறான். என் சம்சாரத்துக்கு அவன் எதுக்குங்க அழறது? அழுகை வந்தா எனக்கல்ல வரோணும்? அந்த நேரத்துல எனக்கு அவன் மேல வந்த பொறாமை இருக்குதே, கூட்டம் கைதட்டுனப்பகூட அப்படி வர்ல. அவ எப்படி நிப்பான்னு அவனுக்குத் தெரியுது. கண்ணாடி முன்னால நின்னது அவனுக்குத் தெரியுது. என் ஊட்டுக் கண்ணாடிதானுங்க அது! 'எறங்கிப் போய்யா'ன்னுட்டேன். போயிட்டான்.

மயிலுக்குப் போன் பண்ணுனேன். 'அளவச் சரி பண்ணுனது ஒரு தப்பா'ன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, 'என்னைய ராவுனதுக்குப் பதிலா அந்தக் கதவக் கொஞ்சம் ஒசத்தியிருக்கலாமுல்லீங்க.'

கதவ எப்படிங்க ஒசத்தறது? நீங்களே சொல்லுங்க. கதவு ஸ்டேண்டர்டு. எல்லாப் பொட்டிக்கும் ஒரே கதவு. ஒரு கதவ ஒசத்துனா பொட்டிய ஒசத்தோணும், பொட்டிய ஒசத்துனா பாலத்த ஒசத்தோணும், அப்பறம் மரம், ஸ்டேசன், எல்லாத்தையும் பிரிச்சு மறுக்காக் கட்டோணும். ஒருத்திக்காக எல்லாத்தையும் மாத்தறதா?

மாத்தலாம். மாத்த முடியாதுன்னு இல்ல. இப்ப ரூமுக்குள்ள போகவே புடிக்கலீங்க. காப்பிய நானே வெச்சுட்டு நானே எடுத்துட்டுப் போறேன்.

இருங்க, கண்டக்டரு ஏதோ சொல்றாரு. என்னங்க? ஆமாங்க, குண்டடம் இவருக்குத்தான். எனக்குத் தாராபுரம். கேட்டீங்களா தம்பி? 'பெரியவரே, இன்னைக்காச்சும் குண்டடத்துல எறங்குவீங்களா, இல்ல எப்பவும் போலப் பாத்துட்டே போயிருவீங்களா'ங்கறாரு. கிண்டலு. ஆமாங்க, மறைக்கறதுக்கு என்ன இருக்குது. வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் வந்துர்றேன். மச்சினன் மளிகைக் கடை ஸ்டாப்புக்கு நேரெதிரு. சாயங்காலம் பொழுதோட அவளும் கடைல இருப்பா. பஸ்ஸு சித்தே நிக்கும். உள்ள இருந்து எட்டிப் பாத்துட்டு அப்படியே தாராபுரம் போயி, ஒரு டீயக் குடிச்சுட்டு, திரும்பி வர்ற பஸ்ஸுல இன்னொருக்காப் பாத்துட்டுப் போயிருவேன். எறங்குனதில்ல. எறங்கி, அவ வர்ல போன்னு சொல்லிட்டான்னா? அப்பறம் நான் எந்த பஸ்ஸுல ஏறறது?

தம்பி, ஒரு ஒதவி பண்றீங்களா? நீங்க எறங்கறீங்கல்ல. அந்தக் கடைக்குப் போயி, 'உங்க ஊட்டுக்காரரு பஸ்ஸுல இருக்கறாரு, எறங்கட்டுமான்னு கேக்கறாரு'ன்னு மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம். அவ தலைய ஆட்டுனான்னா எனக்கு ஒரு கையக் காட்டுங்க, போதும்.

எப்படிக் கண்டுபுடிக்கறதுங்களா? ஆமா, கடைல மச்சினன் சம்சாரம் இருக்கும், வேலைக்கு வர்ற பொம்பளைங்க இருக்கும். எல்லாம் ஒரே வயசு. அடையாளம் சொல்றேன், கேட்டுக்கோங்க. நம்ம மயிலு வந்துங்க... மாநெறம். எல்லாரும் மாநெறந்தான். மூக்குத்தி போட்டிருப்பா. எடது பக்கம். எடதா... இருங்க, எனக்கு நேரா நின்னா... வலதுங்களா? கண்ணாடி உண்டு. எப்பவும் போட்டிருப்பாளா, பேப்பரு படிக்கறப்ப மட்டுமா... முன்னால முடி நரைச்சிருக்கும். நரைச்சிருக்கும்னுதான் நெனைக்கறேன். சிரிச்சா கன்னத்துல... கன்னத்துல ஏதோ...

முப்பத்தஞ்சு வருசமுங்க தம்பி.

வேண்டாங்க. நீங்க போயிக் கேக்க வேண்டாம். உங்களுக்கு அடையாளம் சொல்ல எனக்குத் தெரியல. கொஞ்சம் காலை மடக்குங்க, வழி உடுங்க. ஏனுங் கண்டக்டரு, விசில் அடிச்சுறாதீங்க, ஆளு எறங்குது. கிட்டப் போயிப் பாக்கோணும்.